4.2 என்ன வேதவாக்கா?

கரைச்சாத்தான் வேதிவினை நடக்கும்னு நம்மில் பலருக்கு ஒரு எண்ணம். சின்னமிக் அமிலம் அதுக்கு நேரெதிர். கரைசலில் புற ஊதா ஒளி பட்டால் மூலக்கூறு வடிவம் மாறுவதோடு சரி. படிகத்தில் பட்டால் பக்கத்து மூலக்கூறோடு ஜோடி சேர்ந்துவிடும். அதுவும் எல்லாப் படிகத்திலும் இல்லை. ஆல்ஃபா, பீட்டா படிகங்கள் ஆளுக்கொரு விளைபொருள் தரும். காமா சும்மா கிடக்கும்.

ஏன்? 1964-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஷ்மிட் குழு பதில் சொன்னது: இரட்டைப் பிணைப்புகள் இணையாக, சுமார் 4.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கணும்.

அருமையான விதிதாங்க. அதை வேதவாக்கு மாதிரி மனப்பாடம் பண்ண வைக்கிறதுதான் எனக்குப் பிடிக்கலை. 1985-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வெங்கடேசன், ராமமூர்த்தி குழுவினர் 7-குளோரோகூமரின் படிகத்தில் ஒளி பாய்ச்சினாங்க. 4.45 ஆங்ஸ்ட்ராம் தள்ளியிருந்த பிணைப்புகள் ஜம்முனு சேர்ந்துக்கிச்சு! படிகத்துக்குள் மூலக்கூறுகள் ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறதில்லை. கொஞ்சம் அசைய இடம் கிடைச்சா போதும்.

வாத்தியார்களே, விதியைச் சொல்லும் அன்னிக்கே விதிவிலக்கையும் சொல்லிடுங்க. 4.2 மட்டுமே தெரிஞ்ச பிள்ளை, 4.45 படிகத்தை விளக்குக்கு அடியில் வைக்கவே வைக்காது.