கரிமேட்டின் மேல் ஒரு சனிக்கிழமை

பிரான்சுக்கு ஆங்கில உதவியாசிரியராகப் போகத் தேர்வாகும் பிள்ளைகள் சிலர் ஆண்டுதோறும் கிளம்புவதற்கு முன்னால் என்னைப் பார்க்க வருவார்கள். பிரெஞ்சு படித்த நம் பிள்ளைகளுக்கு இது அருமையான வாய்ப்பு. அக்டோபர் 1 தொடங்கி ஏப்ரல் 30 வரை ஏழு மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம், அங்குள்ள ஒரு பள்ளியில் மாணவர்களை ஆங்கிலம் பேசப் பழக்க வேண்டும். கைக்கு மாதம் ஏறக்குறைய 800 யூரோ வரும். சிக்கனமாக இருந்தால் சுற்றிப் பார்க்கவும் மிஞ்சும். வருகிறவர்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் தயாராக இருக்கும். பாரிஸ், ப்ராக், பார்சிலோனா, ரோம், ஆம்ஸ்டர்டாம். எந்த வாரம் எந்த ஊர், எந்த விமானம் மலிவு என்பது வரை குறித்திருப்பார்கள். பள்ளி இருக்கிற ஊரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான். எல்லா ஊருக்கும் போங்கள். இளமையும் விசாவும் சேர்ந்து கையில் இருக்கிற காலம் திரும்ப வராது. ஆனால் முதல் சில சனிக்கிழமைகளை உங்கள் மாணவர்களின் ஊருக்குக் கொடுங்கள். அந்த ஊரைக் காலால் நடந்து பார்க்காமல் அந்தப் பிள்ளைகளைப் பேச வைக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நானும் அப்படிப் போனவள்தான். எனக்குக் கிடைத்தது பிரான்சின் வடக்கே, லான்ஸ் நகரை ஒட்டிய ஒரு சிற்றூர். நிலக்கரிச் சீமை. அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் ஒய்ஞி என்ற ஊரில் மூடப்பட்டது. என் வகுப்பில் இருந்தவர்கள் சுரங்கத்தைக் கண்ணால் பார்த்திராத தலைமுறை. ஆனால் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே சுரங்கம் தெரியும். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய போலந்துக்காரர்களின் குடும்பப் பெயர்கள், பின்னால் மொராக்கோவிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்தவர்களின் பெயர்கள், இடையிடையே பழைய வட பிரெஞ்சுப் பெயர்கள். முதல் வாரத்தில், வார இறுதியில் நான் எங்கே போகலாம் என்று அவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பையன் பிரெஞ்சில் சொன்னான்: "இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, மதாம். லீலுக்குப் போங்கள்."

அருகிலுள்ள பெருநகரமான லீலுக்கும் போனேன். அங்கேதான் உதவியாசிரியர்களுக்கான அறிமுகக் கூட்டத்தில் தோழமையும் கிடைத்தது. அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து ஒருத்தி, மெக்சிகோவின் சக்காத்தேகாஸிலிருந்து ஒருத்தி, பவேரியாவிலிருந்து ஜெர்மன் கற்பிக்க வந்த ஒருவன், நான். நால்வரும் லான்ஸைச் சுற்றியுள்ள வெவ்வேறு பள்ளிகளில் இருந்தோம். எங்களுக்குள் பொதுமொழி பிரெஞ்சுதான். வெள்ளிக்கிழமை பாடம் கிடையாது என்பதால் வியாழன் மாலையே யார் அறையிலாவது கூடி, ரயில் நேரம் பார்த்து, ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி யார் வாங்குவது என்று பேசி முடித்துவிடுவோம்.

லான்ஸில் ரயிலை விட்டு இறங்கினால் அந்த நிலையத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் ஊரே தரைமட்டமானது. 1920களில் திரும்பக் கட்டியபோது நிலையத்தை ஒரு நீராவி எஞ்சினின் வடிவத்திலேயே கட்டினார்கள். கடிகாரக் கோபுரம்தான் புகைபோக்கி. உள்ளே சுவரில் சுரங்க வாழ்க்கையைக் காட்டும் மொசைக் ஓவியங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் லூவ்ரு அருங்காட்சியகத்தின் கிளை இருக்கிறது. பாரிஸ் லூவ்ருதான், அதன் பொருட்களில் ஒரு பகுதி இங்கே வந்து இருக்கிறது. மூடிப்போன ஒன்பதாம் எண் சுரங்கத்தின் நிலத்தில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர்கள் கட்டிய கண்ணாடி, அலுமினியக் கட்டடம். 2012 டிசம்பர் 4 அன்று திறந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதையான பார்பராவின் திருநாள் அது. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் மதிக்கிறேன்.

உள்ளே 120 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு கூடம். தடுப்புச் சுவரே இல்லை. எழுத்து பிறந்த காலத்து மெசொப்பொத்தேமியாவில் தொடங்கி, நடக்க நடக்கக் காலம் முன்னே நகரும். இருபக்கமும் மெருகேற்றிய அலுமினியச் சுவரில் சிலைகளோடு நம் உருவமும் மங்கலாகத் தெரியும். அந்தக் கூடத்துக்குக் கட்டணமே கிடையாது. ஊர்க்காரப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கிரேக்கச் சிலைகளுக்கு நடுவே உலாவுவதை அங்கே பார்க்கலாம். பாரிஸ் லூவ்ருவின் நெரிசலில் எனக்கு இந்த நிறைவு கிடைத்ததில்லை.

ஆனால் என் வகுப்பை மாற்றியது அருங்காட்சியகம் அல்ல, கரிமேடு.

லூஸ்-ஆன்-கோயெல் என்ற ஊரில் இரட்டை மேடுகள் உண்டு. உச்சி கடல் மட்டத்திலிருந்து 186 மீட்டர் உயரம். நிலக்கரியோடு வெளியே வந்த கல்லையும் மண்ணையும் பல்லாண்டுகள் கொட்டிக் கொட்டி உயர்ந்தவை. நெய்வேலிப் பக்கம் பேருந்தில் போனவர்களுக்குச் சுரங்கத்து மண்மேடுகள் நினைவிருக்கும். அவற்றைக் கறுப்பாக்கிக் கூம்பாக நிறுத்தினால் இதுதான். 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க வட்டாரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோட்டை, கோபுரம், தேவாலயம் இருக்கிற பட்டியலில் கழிவு மேட்டுக்கும் தொழிலாளர் வீட்டுக்கும் இடம் கொடுத்தார்கள்.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஏறினோம். காலடியில் கறுப்புக் கல் தகடு தகடாக உடைந்து சறுக்கும். சரிவில் பிர்ச் மரங்கள் தாமாக முளைத்து நிற்கின்றன. உச்சிக்குப் போனதும் காற்று ஆளைத் தள்ளியது. எங்களுக்கு அது வெறும் காட்சி. சக்காத்தேகாஸ்காரிக்கு மட்டும் அது படிக்கக்கூடிய பக்கம். அவள் ஊர் வெள்ளிச் சுரங்க ஊர். "முதலில் சுரங்க வாயிலின் இரும்புக் கோபுரம் எங்கே என்று பாருங்கள்," என்றாள். அது தெரிந்ததும் பக்கத்தில் பெரிய வீடு எது என்று தேடச் சொன்னாள், அது பொறியாளருடையது. அடுத்து தேவாலயம், பள்ளி. அதற்கப்புறம் நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாகச் சிவப்புச் செங்கல் வீடுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரே அகலத்தில் காய்கறித் தோட்டம். சுரங்கம் ஓடிய காலத்தில் வீடு, பள்ளி, மருத்துவம் எல்லாம் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். அரை மணி நேரத்தில் அந்த வட்டாரத்தின் நூறாண்டு வாழ்க்கையை அவள் எங்களுக்கு மேலிருந்தே காட்டிவிட்டாள். நண்பர்களோடு ஊர் சுற்றுவதன் பெரிய லாபம் எனக்கு இதுதான். தனியாகப் போயிருந்தால் நான் கூரைகளைத்தான் பார்த்திருப்பேன்.

கீழே இறங்கி வரும்போது ஒரு தோட்டத்து வேலிக்குப் பின்னால் புறாக்கூண்டு. ஒரு முதியவர் எங்களைக் கூப்பிட்டார். முன்னாள் சுரங்கத் தொழிலாளி. எந்த நாடு, எந்த நாடு என்று ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு, பந்தயப் புறா ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பகலெல்லாம் பூமிக்கடியில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வானத்தைப் பார்க்கப் புறா வளர்த்தோம் என்றார். பேசப் பேச மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். சிலிக்காத் தூசி நுரையீரலில் படிவதால் வரும் நோயைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தேன். அன்று அதைக் காதால் கேட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில், மேட்டு உச்சியிலிருந்து எடுத்த படங்களைத் திரையில் போட்டேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து ஒரு கூரையைத் தொட்டுக் காட்டினாள். அவள் வீடு. அப்புறம் எல்லோரும் முன்னால் வந்துவிட்டார்கள். பள்ளிக்குப் பின்னால், பேக்கரிக்கு எதிரில், தேவாலயத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் என்று இடம் சொல்ல வேண்டுமே. அதை ஆங்கிலத்தில் சொன்னால்தான் அடுத்த படம் என்றேன். பாடப்புத்தகத்தில் லண்டன் வரைபடத்தை வைத்து வாரக்கணக்கில் இழுத்த பாடம் அது. சொந்தக் கூரையைக் காட்ட அவர்களுக்கு அரை மணி நேரம் போதவில்லை. அந்நிய மொழியில் பேச நாக்கு எழாத பிள்ளைக்குப் பெரும்பாலும் குறைவது சொல் அல்ல, சொல்லத் தகுந்த ஒரு விஷயம். இங்கே புதுச்சேரி வகுப்பறையிலும் இதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

தூரப் பயணங்களையும் விடவில்லை. பெல்ஜியத்தின் ப்ரூஜ், கென்ட் இரண்டும் லீலிலிருந்து பக்கம். அதே நாட்டின் ஈப்ரு நகரில், மெனின் வாயிலில் தினமும் இரவு எட்டு மணிக்கு, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எக்காளம் ஊதுகிறார்கள். டன்கிர்க் திருவிழாவில் நகர மன்றத்து மாடியிலிருந்து மீனைக் கூட்டத்தின் மேல் வீசினார்கள். கலே பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை முனையில் நின்றால் தெளிந்த நாளில் இங்கிலாந்துக் கரை வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. கார்க் தோழி நினைத்தால் அன்றைக்கே கப்பலேறலாம். எனக்குத் தனி விசா வேண்டும். நண்பர்கள் யாரும் என்னை விட்டுவிட்டு அந்தக் கடலைக் கடக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை, அவர்கள் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

மார்ச் மாதத்தில் நெவ்-ஷப்பேல் போனோம். லா பஸ்ஸேயில் ரயிலை விட்டு இறங்கி, உழுது போட்ட வயல்களுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. நாற்சந்தி ஒன்றில், வட்டச் சுற்றுச்சுவருக்குள் நம் சாஞ்சியை நினைவூட்டும் கல் கிராதி, தாமரைத் தலைப்புடன் ஒரு தூண், இருபுறமும் புலிகள். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927-ல் திறக்கப்பட்ட இந்தியப் படைவீரர் நினைவிடம். கல்லறை கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. 1915 மார்ச் 10 அன்று இங்கே நடந்த தாக்குதலில் பாதிப் படை இந்தியர்கள். கார்வாலிகள், கூர்க்காக்கள், சீக்கியர்கள். அன்று உயிரிழந்து விக்டோரியா சிலுவை பெற்ற கப்பர் சிங் நேகியின் பெயரும் அந்தச் சுவரில் உண்டு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரான்சுக்காகப் போரிட்டு இறந்த நம்மவர்களின் நினைவுச் சின்னத்தைத் தாண்டித்தான் நான் வளர்ந்தேன். அவர்கள் இறந்த மண் இப்படி ஈரக் களிமண்ணாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பவேரியா நண்பன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தான். உச்சரிப்புச் சரியா என்று என்னிடம் கேட்டுக் கேட்டு வாசித்தான்.

இந்த மார்ச் 10 என் மாணவர்களுக்கும் தெரிந்த தேதி. 1906-ல் அதே நாளில் கூரியேர் சுரங்க வெடிவிபத்தில் 1,099 பேர் மாண்டார்கள். அடுத்தடுத்த ஊர்களில் துக்கம் தொடாத வீடு அரிது. இருபது நாள் கழித்து, எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிய பிறகு, 13 பேர் இருட்டிலிருந்து தாங்களாகவே நடந்து வந்தார்கள். நான் வகுப்பில் இந்திய வீரர்களைப் பற்றிச் சொன்னேன், அவர்கள் எனக்குக் கூரியேரைப் பற்றிச் சொன்னார்கள். இந்த முறை நான் திரை எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் தன் கொள்ளுத்தாத்தாவின் விளக்கை வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தாள். பித்தளை விளக்கு, கண்ணாடியைச் சுற்றிக் கம்பி வலை. வாயுக் கசிவு இருந்தால் சுடர் எப்படி மாறும் என்று தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் விளக்கினாள். கைத்தட்டல் நிற்க நேரமாயிற்று.

ஏப்ரலில், என் ஒப்பந்தம் முடிவதற்கு முன்னால், அந்த வகுப்பே எங்களுக்கு ஒரு சுற்றுலாத் திட்டம் போட்டுக் கொடுத்தது. எல்லாம் ஆங்கிலத்தில், நான்கு பக்கம். எந்த வண்டிக்கடையில் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட வேண்டும், எந்தப் போலந்து பேக்கரியில் கசகசா ரொட்டி கிடைக்கும், எந்தத் தெருவில் பழைய வீடு மாறாமல் இருக்கிறது, மாலை வெயிலில் மேட்டின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கடைசி இடம் போலேர் கால்பந்து அரங்கம். ஏறக்குறைய 38,000 இருக்கைகள். லான்ஸ் நகரத்து மக்களெல்லாம் போய் உட்கார்ந்தாலும் இடம் மிஞ்சும். 1930களின் தொடக்கத்தில் சுரங்கக் கம்பெனி கட்டி எழுப்பிய அரங்கம் அது. இரண்டாம் பாதி தொடங்கும் முன், சுரங்கத் தொழிலாளர் வீடுகளைப் பற்றிப் பியேர் பாஷ்லே 1982-ல் பாடிய பாட்டை அரங்கமே எழுந்து நின்று பாடுகிறது. சிவப்பு மஞ்சள் துண்டுகளைத் தலைக்கு மேல் பிடித்தபடி பாடுகிறார்கள். நாங்களும் எழுந்தோம்.

ஆட்டம் முடிந்து வெளியே வருகையில், நெரிசலுக்குள் யாரோ என்னை மதாம், மதாம் என்று கூப்பிட்டார்கள். பார்க்க ஒன்றுமில்லை என்று அக்டோபரில் சொன்ன அதே பையன், அப்பாவுடன். நண்பர்கள் மூவரையும் அவரிடம் அறிமுகம் செய்துவைத்தான். கார்க், சக்காத்தேகாஸ், பவேரியா என்று ஊர் பிசகாமல் சொன்னான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, விழுந்த கோல்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக விவரிக்க ஆரம்பித்தான். ரயில் நிலையம் வரை எங்களோடு நடந்தே வந்தான்.