பேட்ஜ் மட்டும் போதாது: கதிர்வீச்சில் வேலை செய்வோரின் மருத்துவப் பரிசோதனை குறித்து எங்கள் நிலைப்பாடு

சங்கரன்கோவிலிலும் சுற்று வட்டாரத்திலும் எக்ஸ்ரே அறைகளிலும் சி.டி. ஸ்கேன் மையங்களிலும் எலும்பு முறிவு ஆபரேஷன் தியேட்டர்களிலும் வேலை பார்க்கும் நாங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவைப் பொதுமக்கள் முன் வைக்கிறோம். கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், அவர் பதவியின் பெயர் எதுவானாலும், வேலையில் சேரும்போது முழு மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் மறுபரிசோதனை வேண்டும். செலவு முதலாளியுடையது. அறிக்கையின் நகல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.

இது நாங்கள் புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள், 2004-இன் 25-ஆம் விதி, வேலையில் சேரும் எல்லாப் பணியாளருக்கும் முதல் பரிசோதனையைக் கட்டாயமாக்குகிறது. அதற்குப் பிந்திய மூன்றாண்டுப் பரிசோதனையை மட்டும் ‘வகைப்படுத்தப்பட்ட பணியாளர்’ என்ற பிரிவோடு அது நிறுத்திக்கொள்கிறது. ஒரு பணியாளர் வாங்கக்கூடிய கதிர்வீச்சுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு 20 மில்லிசீவர்ட். அதில் பத்தில் மூன்று பங்கை, அதாவது 6 மில்லிசீவர்ட்டை, யார் தாண்டக்கூடும் என்று முதலாளி குறித்து வைக்கிறாரோ அவர்தான் அந்தப் பிரிவில் வருவார். சிக்கலே இங்கேதான். குறிக்க வேண்டியவர் முதலாளி. நாங்கள் பார்த்தவரை சின்ன ஊர்களில் யாரும் யாரையும் குறிப்பதில்லை. சேரும்போது நடக்க வேண்டிய முதல் பரிசோதனையும் பல இடங்களில் கிடையாது. டிப்ளமோ சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, “நாளைக்கே வந்துருங்க” என்பதோடு சரி.

கேட்டால் வரும் பதில் எங்களுக்கு மனப்பாடம்: “அதான் பேட்ஜ் குடுத்திருக்கோமே.” டி.எல்.டி. பேட்ஜை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. உள்ளே மூன்று சிறு வில்லைகள். பட்ட கதிர்வீச்சை அவை தேக்கி வைத்துக்கொள்ளும். சூடேற்றினால் அதை ஒளியாக வெளியே விடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகத்துக்குப் போய்க் கணக்கு வரும். ஈய ஏப்ரானுக்கு உள்ளே, மார்பு உயரத்தில் அணிந்திருந்தால் அந்தக் கணக்கு உண்மை. அறைச் சுவரில் ஆணியில் தொங்கினால் அது சுவர் வாங்கிய கணக்கு. எக்ஸ்ரே அறையில் முறையாக வேலை செய்யும் பெரும்பாலோருக்கு வரும் அளவு மிகக் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பெரும்பாலோரில் சேராதவர்களைப் பற்றித்தான் எங்கள் கவலை.

ஓர் இரவைச் சொல்கிறோம். ராஜபாளையம் ரோட்டில் பைக் விபத்து, தொடை எலும்பு முறிந்த இளைஞர். தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி ஓடுகிறது. கம்பி சரியான இடத்தில் இறங்குகிறதா என்று டாக்டர் ஒரு ஷாட், இன்னொரு ஷாட் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். காலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஆயாம்மா. உள்ளே ஐந்து பேர், ஏப்ரான் மூன்று. கதிர் பாயும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவை அவருடைய கைகள். பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர். பேட்ஜ் கிடையாது. ஆண்டு முடிவில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம்கூட இருக்காது, வெற்றிடம்தான் இருக்கும். எங்கள் கோரிக்கை முதலில் அவருக்காக.

பரிசோதனை செய்தால் கதிர்வீச்சு ரத்தத்தில் தெரிந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. குறைந்த அளவை வழக்கமான ரத்தப் பரிசோதனை காட்டாது. குரோமோசோம் சோதனைகூட அளவு பெரிதாக இருந்தால்தான் பேசும். பிறகு எதற்கு என்று கேட்கலாம். சேர்ந்த நாளில் உடல் எப்படி இருந்தது என்று எழுதி வைப்பதற்கு. வெள்ளை அணு, தட்டணு எண்ணிக்கை, கைத்தோல், தைராய்டு, கண் லென்ஸ். பத்து வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு தாள் வேண்டும். அதிலும் கண்ணை விடக்கூடாது. கண் லென்ஸுக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் வரை தாங்கும் என்று இருந்த வரம்பை, சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் 20 ஆகக் குறைக்கச் சொன்னது. முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே கண்புரை வருகிறது என்று கண்டதுதான் காரணம். ஸ்லிட் லாம்ப் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். கண் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லாத பகுதி இது.

அந்தத் தாளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தொழிலாளர் இழப்பீடு குறித்த சட்டம், அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்களைத் தொழில்வழி நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு முதலாளியிடம் ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலை செய்திருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை நோய் வேலையால் வந்ததாகவே சட்டம் கொள்ளும். “இங்கே வரும்போதே இருந்தது” என்று முதலாளி சொன்னால்? எங்களில் பலர் ஓரிடத்தில் மூன்று வருடம், அடுத்த இடத்தில் இரண்டு வருடம் என்று மாறுகிறவர்கள். முதல் நாள் அறிக்கை கையில் இல்லாதவர் அந்தப் பேச்சுக்கு எதைக் காட்டுவார்?

பெரிய நிறுவனத்திலேயே கணக்கு தவறியிருக்கிறது. 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தில் கழிவுத் தொட்டிப் பகுதியில் வேலை செய்த ஆறு பேருக்கு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை பட்டது. அங்கே நின்றபோது அவர்களுக்கு அது தெரியாது. வெளியுலகுக்குத் தெரியவும் பல மாதங்கள் ஆயின. ஆனாலும் அங்கே மருத்துவர் இருந்தார், பதிவு இருந்தது. தாலுகா ஊரின் ஸ்கேன் மையத்தில் எது இருக்கிறது?

கதிர்வீச்சு வேலையில் நேரடியாக ஈடுபடும் அனைவருக்கும் முதல் பரிசோதனையும் தகுந்த இடைவெளியில் மறுபரிசோதனையும் வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 115-ஆம் உடன்படிக்கை. இந்தியா 1975-இல் அதை ஏற்றது. ‘அனைவருக்கும்’ என்ற அந்தச் சொல்லை நம் விதியிலும் எழுத வேண்டும் என்று கோருகிறோம்.

பரிசோதனை என்றால் எங்களில் சிலருக்கே பயம், வேலை போய்விடுமோ என்று. அதனால் இதையும் சேர்த்தே சொல்கிறோம்: முதலாளிக்குப் போக வேண்டியது தகுதி, தகுதியில்லை என்ற முடிவு மட்டும், நோய் விவரம் போகக்கூடாது. கர்ப்பம் என்று தெரிவிக்கும் பெண்ணைச் சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

தனியார் மருத்துவ நிறுவனங்களின் பதிவைப் புதுப்பிக்கும்போது மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் இந்த அறிக்கைகளையும் கேட்டு வாங்க வேண்டும். கருவிக்கு உரிமம் தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் அப்படியே கேட்க வேண்டும். சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் இதற்கென மாதம் ஒரு நாள் ஒதுக்கினால், ஆள் இல்லாத சிறு மையங்கள் சாக்குச் சொல்ல முடியாது.

எங்களோடு வேலை செய்யும் தோழர்களுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சம்பள நாளில், நீங்கள் சேர்ந்தபோது எடுத்த மருத்துவ அறிக்கையின் நகலைக் கேளுங்கள். இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். ஆயாம்மாவுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.