கம்பனித் தோட்டாவா, கையால அடைச்சதா?

போன கிழமை பெட்ச்மேட் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் ஒரு கிழவர் தன்ட கராஜில் உட்கார்ந்து வேட்டை ரைஃபிளுக்குத் தோட்டா செய்கிறார். சுட்டுமுடிந்த பித்தளைக் கோதைக் கழுவி, பழைய கேப்பைத் தட்டி எடுத்து, புதுக் கேப் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்துகிறார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "கம்பனித் தோட்டா விலைக்கு நாமளும் இதுதான் செய்யணும் மச்சான்" என்று கீழே எழுதியிருந்தான். அவனிடம் துவக்கே கிடையாது, அது வேற கதை. எனக்கு சாச்சாவின் வட்டைதான் ஞாபகம் வந்தது.

சாச்சாவுக்கு சம்மாந்துறைக்கு மேற்கே வயல். லைசன்ஸ் உள்ள ஒற்றைக் குழல் 12 போர் துவக்கு ஒன்று வைத்திருக்கிறார். பெரும்போகத்தில் குடலை வரும் நேரம் பண்டி இறங்கும். நாங்கள் தின்னாத மிருகம், ஆனால் நாங்கள் தின்ன வேண்டிய சோற்றை ஒரே ராவில் உழுதுபோட்டு விட்டுப் போய்விடும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ராக்காவலில் நானும் வாடியில் இருந்தேன். கையில் கம்பனித் தோட்டா முடிந்து, யாரோ அடைத்துக் கொடுத்ததை சாச்சா போட்டுச் சுட்டார். "டமார்" இல்லை, "புஸ்" என்றொரு சத்தம். அடுத்ததைப் போட்டு உடனே அடிக்கப் போனவரை முல்லைக்காரர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். விடிந்து குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தால் அடைப்பும் ஈயமும் பாதி வழியில் சிக்கிக் கிடக்கின்றன. ரெண்டாவதைச் சுட்டிருந்தால் குழல் வெடித்து சாச்சாவின் கையிலேயே பிளந்திருக்கும்.

அந்த வீடியோக் கிழவர் செய்வதை நான் குறை சொல்லவில்லை. ரைஃபிளில் 300 மீட்டருக்கு அப்பால் ஒரு மானைக் குறிபார்க்கிற ஆளுக்கு, தன் குழலுக்குப் பொருந்துகிற மருந்தளவைத் தானே கண்டுபிடிப்பதில் நியாயம் இருக்கிறது. பித்தளைக் கோதைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், செலவும் குறையும். கவனமாகச் செய்தால் கம்பனித் தோட்டாவை விடக் குறி நன்றாக விழும் என்பதும் உண்மை. ஆனால் அவர் மருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு கிரெய்ன் என்றால் 0.065 கிராம். எந்த மருந்து, எந்தக் குண்டு, உச்ச அளவு என்ன என்று மருந்துக் கம்பனிகளே அட்டவணை போட்டுப் புத்தகம் விடுகின்றன. அவருடைய மேசையில் மின்தராசும் புத்தகமும் இருந்ததை என் நண்பன் கவனிக்கவே இல்லை.

இங்கே என்ன இருக்கிறது? ஒரு தேக்கரண்டி. 12 போர் தோட்டா ஒன்றில் 28 கிராம் ஈயத்தைத் தள்ளுவதற்குப் புகையில்லா மருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் போதும். அதே வேலைக்குப் பழைய கரிமருந்து ஐந்து கிராமுக்கு மேல் வேண்டும். இடியன் துவக்குக்குக் கரிமருந்து இடித்துப் பழகிய கை, அதே கரண்டி அளவில் மற்றதைப் போட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாசைப் பிரித்து எடுக்கிற மருந்து அதை விட மோசம். அது தள்ளுகிற மருந்தே இல்லை, ஒரேயடியாக வெடிக்கிற மருந்து. மழைக்கால ஈரம் வேறு. வாடிக் கூரையில் செருகி வைத்த தோட்டா சில நேரம் குதிரை விழுந்து கொஞ்சம் கழித்துத்தான் வெடிக்கும். வெடிக்கவில்லை என்றால் குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடம் பொறுக்க வேண்டும். பண்டி முன்னால் நிற்கும்போது யார் பொறுப்பது?

இதற்கெல்லாம் பலன் என்ன என்று பார்த்தால், ஒன்றுமில்லை. வட்டையில் சுடுவது டோர்ச் வெளிச்சத்தில், முப்பது மீட்டருக்குள். அங்கே நுணுக்கமான குறி தேவையே இல்லை. தேவைப்படுவது, அழுத்தினால் வெடிக்கிற ஒரு தோட்டா.

சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1854இல் இலங்கை வேட்டையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் காலத்தில் வாய்வழி மருந்து இடிக்கிற துவக்குகள்தான், அதனால் ஒவ்வொரு வெடியும் கையால் அடைத்ததே. ஆனால் பேக்கருக்குப் பின்னால் மருந்து இடித்த மாற்றுத் துவக்குகளோடு ஆட்கள் நின்றார்கள். ஒன்று பிசகினால் அடுத்தது கைக்கு வரும். சாச்சாவுக்குப் பின்னால் நின்றது நான், கையில் தேத்தண்ணிப் போத்தலோடு.

"கம்பனித் தோட்டா நல்லதுதான் மன. ஆனா அது வாற வரைக்கும் பண்டி காத்துக்கொண்டிரிக்காது." சாச்சாவின் இந்தப் பதிலுக்கு முன்னால் என் வாதம் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. தோட்டா இறக்குமதிச் சாமான். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அதன் விலை அவர் கைக்கு எட்டுவதாக இல்லை. வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்க அலைய வேண்டும், தோட்டா வாங்க இன்னொரு அலைச்சல். நேர் வழி இவ்வளவு நீளமாக இருந்தால் மனிசன் குறுக்கு வழியில் போவான். அந்த வழியின் கடைசியில்தான் கட்டுத்துவக்கும், பூசணிக்காய்க்குள் வெடி மறைக்கிற 'ஹக்கபட்டாஸும்' இருக்கின்றன. பண்டிக்கு வைத்த அந்த வெடியைக் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிற யானைக்குட்டிகளின் படங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு விஷயத்தை ஊருக்குள் எல்லாரும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். 2019 ஏப்ரல் 26 ராத்திரி சாய்ந்தமருதில் நடந்ததற்குப் பிறகு, இந்தக் கரையில் ஒரு வீட்டு அலுமாரியில் வெடிமருந்து டின் இருப்பதற்கு அர்த்தமே மாறிவிட்டது. "பண்டிக்கு வெச்சது சேர்" என்று சொல்லி யார் நம்புவார்? வெடிபொருட்களுக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு கமக்காரன் வாடியில் தோட்டா அடைத்துப் பிடிபட்டால், அவனோடு சேர்ந்து அவன் தெருவே சந்தேகத்தில் நிற்கும்.

அதனால் நான் கம்பனித் தோட்டாவின் பக்கம். ஆனால் சாச்சாவைப் பார்த்து "சட்டப்படி நட" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற பக்கம் இல்லை. லைசன்ஸ் உள்ள கமக்காரனுக்குப் போகத்துக்கு இத்தனை என்று, கமநல சேவை நிலையத்திலேயே பதிவெழுதி, உரம் மாதிரி மானிய விலையில் தோட்டா கொடுக்கட்டும். சுட்ட கோதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது என்று வைத்தால் கணக்கும் தப்பாது, கோது திரும்ப அடைக்கவும் போகாது. துவக்குக்கு அனுமதி கொடுத்துவிட்டுத் தோட்டாவுக்குக் கைவிரிப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.

இப்ப சாச்சாவிடம் ஐந்து கம்பனித் தோட்டா இருக்கிறது. ஈரம் படாமல் ஒரு மில்க்மெய்ட் டின்னுக்குள் அரிசி போட்டு வைத்திருக்கிறார். விதைப்புக்கு இன்னும் ஒரு மாதம்.