பார்க்காமலே எழவு சொல்லாதீங்க



ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியலை. வெங்காய நடவு ஒரு காரணம். வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கிட்டது இன்னொரு காரணம். வெங்காயத்தைப் பத்தி அடுத்த பதிவுல பேசலாம். இன்னைக்குக் கொஞ்சம் கோவமாத்தான் எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

இந்தக் கம்ப்யூட்டர் 2010-ல வாங்கினது. மஞ்சளுக்கு நல்ல வெலை கெடைச்ச வருஷம் அது. அன்னைலயிருந்து எங்க தோட்டத்துல பெஞ்ச மழை, கெணத்துத் தண்ணி மட்டம், கூலிக் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அப்பா காலமாகறதுக்கு முந்தின பொங்கலுக்கு, மாட்டுக்குக் கொம்பு சீவிட்டு நின்னப்ப எடுத்த போட்டோவும் அதுலதான். வேற எங்கேயும் காப்பி இல்ல. அது என் முட்டாள்தனம். அதைக் கடைசில சொல்றேன்.

ஒரு நாள் காலைல சுவிட்சைப் போட்டா லைட் எரியுது, ஃபேன் சுத்துது, திரை மட்டும் கருப்பா நிக்குது. அணைச்சுப் போட்டாலும் அதேதான். பெட்டியைச் சாக்குல சுத்தி, டிவிஎஸ் வண்டி முன்னாடி வெச்சு டவுனுக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் வயரை மாட்டினார், சுவிட்சை அமுக்கினார், கருப்புத் திரையைப் பாத்தார். மூடியைக் கழட்டலை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுக்கவே இல்லைங்க.

"போர்டு போச்சுங்கண்ணா. இந்த மாடலுக்கு இப்ப போர்டே வர்றதில்ல. புதுசு எடுத்துக்குங்க, 32,000-ல முடிச்சுத் தர்றேன். பழசுக்கு 500 கழிச்சுக்கலாம்."

"உள்ள இருக்கற கணக்கெல்லாம்?"

"ஹார்ட் டிஸ்க் இருந்தா பாக்கலாம். போயிருந்தா போனதுதான்."

மொத்தமே அஞ்சு நிமிசம்தான். நாடி புடிச்சுப் பாக்காமலே எழவு சொல்லிட்டாருங்க.

இப்ப ஒண்ணு கேக்கறேன். நம்ம கெணத்து மோட்டார் ஓடலைன்னா என்ன பண்றோம்? நேரா புது மோட்டார் வாங்கப் போறமா? முதல்ல மூணு ஃபேஸும் வருதான்னு பாக்கறோம். அப்பறம் பியூஸ். அப்பறம் ஸ்டார்ட்டரைத் திறந்து பாயிண்டுல கரி புடிச்சிருக்கான்னு பாத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறோம். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிட்டே சுத்தாம நின்னா, கெபாசிட்டர்னு பத்தாவது படிக்கற பையன் சொல்லிடுவான். இத்தனையும் பாத்த பின்னாடிதான் மோட்டாரை மேல தூக்கறதைப் பத்தியே பேசுவோம். 440 வோல்ட்டுக்குப் பயப்படாத நாம, கம்ப்யூட்டர்னு ஒரு தகரப் பெட்டியைக் கண்டா மட்டும் கையைக் கட்டிட்டு நிக்கறோம். "அது படிச்சவங்க சமாச்சாரம்"னு ஒதுங்கிக்கறோம். அந்தப் பயத்துக்குத்தான் 32,000 ரூபா வெலை.

பெட்டியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தேன். ப்ளஸ் டூ படிக்கற எம் பொண்ணைக் கூப்பிட்டேன். "வா அம்மிணி, மோட்டார் ரிப்பேர் பண்ற மாதிரியே இதையும் பண்ணிப் பாக்கலாம்."

பிளக்கைப் புடுங்கிட்டு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சோம், உள்ள மிச்சமிருக்கற கரண்ட் இறங்கறதுக்கு. மூடியைக் கழட்டறதுக்கு நாலு ஸ்க்ரூ. எந்த வயரையும் கழட்டறதுக்கு முன்னாடி பொண்ணு செல்போன்ல போட்டோ எடுத்துக்கிட்டா. எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. உள்ள ஒரு படி தூசி. பல்லி முட்டை ஓடு ரெண்டு. மெத்துனு ஒரு பிரஷ்ஷால தூசி தட்டி, கெபாசிட்டர் எதுவும் தலை வீங்கியிருக்கான்னு பாத்தோம். 2000-க்கு அப்பறம் சில வருஷம் வந்த போர்டுகள்ல மட்டமான கெபாசிட்டர் வீங்கி ஒழுகினது உலகம் பூரா நடந்த கதை. நம்முளதுல எல்லாம் தட்டையாத்தான் இருந்துச்சு.

அப்பத்தான் பாத்தோம், போர்டுல குத்தியிருக்க வேண்டிய சின்ன ஸ்பீக்கர் வயர் கழண்டு தொங்கிட்டு இருந்தது. எதுக்கு ஸ்பீக்கர்னா, கம்ப்யூட்டருக்குத் திரை வர்றதுக்கு முன்னாடி இருக்கற ஒரே வாய் அதுதான். குத்தம் எங்கேன்னு அது பீப் சத்தத்துல சொல்லும். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்ங்கறது போர்டைத் தயாரிச்சவங்களைப் பொறுத்து மாறும். நம்ம போர்டுல நீளமா விட்டுவிட்டுக் கத்தினா ராம் கோளாறு.

வயரைக் குத்தி சுவிட்சைப் போட்டோம். கீ... கீ... கீ...ன்னு நீளமாக் கத்துச்சு. மறுபடியும் அணைச்சு, பிளக்கைப் புடுங்கி, ரெண்டு ராமையும் மொத்தமாக் கழட்டிட்டுப் போட்டோம். அப்பவும் அதே சத்தம். எம் பொண்ணுக்கு முகம் வாடிப்போச்சு. எனக்கோ அப்பத்தான் உசுரே வந்துச்சு. ஏன்னா, ராம் இல்லைங்கறதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கத்தணும்னா போர்டும் பிராசசரும் வேலை செஞ்சாகணும். செத்துப்போனது "எனக்கு இது இல்ல"ன்னு சொல்லுமா?

ராம் அடியில பித்தளைக் கலர்ல பல்லு பல்லா இருக்குமில்ல, அதுல மங்கலாப் படை புடிச்சிருந்தது. ஸ்டார்ட்டர் பாயிண்டுல கரி புடிக்கற அதே கதை. இதுக்கு உப்புத்தாள் கூடாது, மேல்பூச்சு போயிரும். பென்சில் அழிக்கற ரப்பர் போதும். முதல்ல கேபினட் தகரத்தைத் தொட்டுட்டு, ஓரத்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவாத் தேய்ச்சு, தூளை ஊதித் தள்ளி, ஒண்ணை மட்டும் குத்தினோம். ரெண்டு பக்கக் கொக்கியும் டக்குனு விழுந்துச்சு. சுவிட்சைப் போட்டா, ஒரே ஒரு சின்ன பீப். திரை வந்துருச்சு.

கதை அதோட முடியலைங்க. தேதி 2009 ஜனவரின்னு காட்டி, அமைப்பு அழிஞ்சுபோச்சுன்னு ஒரு வரி வந்தது. போர்டுல காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032-ன்னு பேரு. 3 வோல்ட் இருக்கணும். மீட்டர்ல வெச்சா 1.2 காட்டுச்சு. 40 ரூபாய்க்கு வாட்ச் கடையில புதுசு வாங்கி மாத்தினோம்.

அதுக்கப்பறமும் விண்டோஸ் பாதியில நீலத் திரை போட்டு நின்னுருச்சு. கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "ஹார்ட் டிஸ்க் போச்சு, பார்மேட் அடிக்கணும்"னார். போன்லயே ரெண்டாவது எழவு! நடந்தது என்னன்னா, பேட்டரி தீந்ததுல பயாஸ்ல நாம வெச்சிருந்த அமைப்பெல்லாம் அழிஞ்சு பழைய நிலைக்குப் போயிருச்சு. அதுல ஹார்ட் டிஸ்க் எந்த முறையில பேசணும்ங்கறதும் ஏ.எச்.சி.ஐ.-லயிருந்து ஐ.டி.இ.-க்கு மாறிருச்சு. விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியலை. பயாஸுக்குள்ள போயி அந்த ஒரு வரியைத் திருப்பி வெச்சோம். அப்பா போட்டோ திரையில வந்துச்சு. பார்மேட் அடிச்சிருந்தா?

மொத்தச் செலவு பேட்டரி 40, ரப்பர் 5, ஒரு சாயங்காலம்.

இதை ஜம்பமாச் சொல்லணும்னுதான் அடுத்த நாள் அந்தக் கடைக்கே போனேன். அவரு கோவப்படலை. ஒரு கேள்விதான் கேட்டார். "அண்ணா, நான் அரை நாள் உக்காந்து இதைக் கண்டுபிடிச்சு 300 ரூபா கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா? ரப்பர் போட்டுத் தேய்ச்சதுக்கு 300-ஆன்னு கேட்டிருப்பீங்க."

எனக்கு வாயடைச்சுப்போச்சுங்க. உண்மைதானே? புதுசுக்கு 32,000 சொன்னா 1,000 கொறைச்சுக்கிட்டு எண்ணிக் குடுக்கறோம். கோளாறைக் கண்டுபிடிச்சதுக்குக் கூலி கேட்டா, "ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசு"ங்கறோம். சாமானுக்கு வெலை உண்டு, அறிவுக்கும் நேரத்துக்கும் கெடையாதுன்னு நாமதான் முடிவு பண்ணி வெச்சிருக்கோம். அப்படிப்பட்ட ஊர்ல கடைக்காரர் சாமானைத்தான் விப்பார். வாடகை கட்டணுமில்ல?

நம்ம மஞ்சளை வியாபாரி தொட்டு ஒடைச்சுப் பாக்காமலே "மட்டம்"னு வெலை சொன்னா நமக்கு எப்படி எரியுது? நம்ம உழைப்புக்குக் கூலி இல்லைன்னு எத்தனை பதிவுல பொலம்பியிருக்கேன்? அதே தப்பைத்தான் ரிப்பேர்காரருக்கு நான் பண்ணிட்டு இருந்திருக்கேன். ஆனாலும், பார்க்காம சொன்னது தப்புதான். "நேரமில்லைங்கண்ணா, பாக்கறதுக்கு இவ்வளவு ஆகும்"னு அவரு சொல்லியிருக்கலாம். "போர்டு போச்சு"ன்னு சொன்னது பொய்தானே?

இது ஒரு கம்ப்யூட்டரோட நிக்கற சங்கதி இல்லைங்க. அமெரிக்காவுல விவசாயிங்க தங்க சொந்த டிராக்டரைத் தாங்களே ரிப்பேர் பண்ற உரிமைக்காக வருஷக்கணக்காச் சண்டை போட்டாங்க. டிராக்டருக்குள்ள கம்ப்யூட்டரை வெச்சு, டீலர்கிட்ட இருக்கற சாஃப்ட்வேர் இல்லாம கோளாறையே பாக்க முடியாத மாதிரி பண்ணி வெச்சிருந்தாங்க. கொலராடோ மாநிலம் 2023-ல அதுக்குச் சட்டமே கொண்டுவந்து, 2024 ஜனவரியில அமலுக்கு வந்தது. நம்ம நாட்டுலயும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர்ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்தது. எடுத்துக்கிட்ட நாலு வகையில விவசாயக் கருவியும் ஒண்ணு. நல்ல ஆரம்பம்தான். ஆனா மூடியைத் திறந்தே பாக்காத கூட்டத்துக்கு எந்த உரிமையைக் குடுத்து என்ன பிரயோஜனம்? இன்னைக்கு மேஜை மேல இருக்கற பெட்டிக்குப் பயந்தா, நாளைக்கு டிராக்டருக்குள்ள இருக்கற பெட்டிக்கும் பயப்படுவோம்.

"அதுக்காக எல்லாத்தையும் நாமளே நோண்டலாமா?"ன்னு கேப்பீங்க. கூடாதுங்க. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பிரிக்கவே பிரிக்காதீங்க. பிளக்கைப் புடுங்கின பின்னாடியும் உள்ள அடிக்கற அளவுக்குக் கரண்ட் நிக்கும். கருகின வாசம் வந்தாலோ, ஹார்ட் டிஸ்க் டக் டக்குனு தட்டினாலோ உடனே நிறுத்திட்டு, வெவரம் தெரிஞ்சவர்கிட்டக் குடுங்க. சில பெட்டி நெஜமாவே செத்துத்தான் போயிருக்கும்.

பழசையே கட்டிட்டு அழுங்கன்னும் நான் சொல்லலை. எங்க பெட்டியில இருக்கற விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோட நின்னுபோச்சு. அதனால பேங்க் வேலை எதையும் அதுல பண்றதில்ல. கணக்கு எழுத, மழை அளவு குறிக்க, போட்டோ பாக்க அது போதும். எப்ப மாத்தறதுங்கறது என் முடிவா இருக்கணும், அஞ்சு நிமிசத்துல அடுத்தவர் சொல்ற முடிவா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அதனால உங்களுக்கு ரெண்டு வேண்டுகோள். கடைக்காரர் "போச்சு"ன்னு சொன்னா, "எதை வெச்சுச் சொல்றீங்க? திறந்து காட்டுங்க"ன்னு தைரியமாக் கேளுங்க. அவர் உக்காந்து பாத்துக் கண்டுபிடிச்சுக் குடுத்தா, ஒரு சாமானும் மாத்தலைன்னாலும் கேட்ட கூலியைப் பேரம் பேசாமக் குடுங்க. இது ரெண்டும் சேந்து நடந்தாத்தான் ஊருக்குள்ள ரிப்பேர் கடை பொழைக்கும்.

என் முட்டாள்தனத்தைச் சொல்றேன்னு சொன்னேனில்ல? பதினஞ்சு வருஷக் கணக்கை ஒரே எடத்துல வெச்சிருந்தேன். வெதையை ஒரே குதிர்ல போட்டு வெக்காதேன்னு அப்பா சொல்லிட்டே இருப்பார். இப்பப் பென்டிரைவ்ல ஒண்ணு, மச்சான் வீட்டுல ஒண்ணுன்னு ரெண்டு காப்பி எடுத்தாச்சு. அப்பா போட்டோவை மட்டும் டவுன்ல பிரிண்ட் போட்டுச் செவுத்துல மாட்டியாச்சு. அதுக்கு எந்த பேட்டரியும் வேண்டியதில்ல.

அந்தக் கடைக்காரருக்கு 300 ரூபாயைக் கொண்டுபோய்க் குடுத்தேன். "எதுக்குங்கண்ணா?"ன்னார். "அடுத்து வர்றவனோட பெட்டியைத் திறந்து பாக்கறதுக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வாங்கிக்கிட்டார். திறந்து பாக்கறாரான்னு அடுத்த தடவை போறப்ப விசாரிக்கணும்.