அம்மாவின் கை சின்னதில்லை... கிட்டார்தான் பெரிசு!

"எனக்கு இதெல்லாம் வராதுடி. என் கை ரொம்ப சின்னது, வயசும் ஆயிடுச்சு!"

இப்படிச் சொல்லிவிட்டு, அம்மா கிட்டாரை பீரோ மேல் ஏற்றிவைத்தபோது வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இளையராஜா பாட்டில் கிட்டார் வரும் இடத்துக்காகவே சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்பவர். 50-வது பிறந்தநாள் பரிசாக நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று கடையில் நீட்டியதைப் பெருமையாகத் தூக்கிவந்தேன். அம்மாவை அழைத்துப்போய், மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லத் தோன்றவே இல்லை.

போர்க்கப்பல் பெயர்!

நான் வாங்கியது 'ட்ரெட்நாட்' ரகம். 1906-ல் கடலில் இறங்கிய பிரிட்டன் போர்க்கப்பலின் பெயர் அது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-ல் முதன்முதலாகச் செய்த இந்தப் பெரிய கிட்டாருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பெரிதாக இருப்பதில் லாபம் உண்டு. கம்பியின் அதிர்வு மேல்பலகையை அசைக்கிறது, பலகை உள்ளே இருக்கும் காற்றை அசைக்கிறது. பெட்டி பெரிதானால் அடிக்கட்டை ஸ்வரங்கள் கும்மென்று கேட்கும். நாலு பேர் சேர்ந்து பாட, கார்டு அடித்து வாசிக்க இதுதான் சரி. சின்னப் பெட்டியில் அந்தக் கனம் குறையும். ஆனால், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும். விரலால் மீட்டுபவர்கள் இதைத் தேடி வாங்குவார்கள். பெரிய மைதானங்களையே நிரப்பும் எட் ஷீரன் கையில் பல வருடம் இருந்தது ஒரு குட்டி மார்ட்டின்தான். சத்தத்தை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும்!

அளவு மட்டுமே எல்லாம் இல்லை. மேல்பலகை முழு மரமா, ப்ளைவுட் போல ஒட்டியதா என்பதும் நாதத்தை மாற்றும். நல்ல முழு மரப் பலகை போட்ட சின்ன கிட்டார், ஒட்டுப்பலகை போட்ட பெரிய கிட்டாரைவிட இனிமையாகப் பேசலாம்.

முக்கால் அங்குல வித்தியாசம்

அம்மாவின் ஆசிரியை, பீரோ மேல் போன கிட்டாரைப் பற்றிக் கேட்டதும் தன்னுடைய '000' ரக கிட்டாரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ட்ரெட்நாட்டைவிட இது அகலத்தில் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவும், ஆழத்தில் முக்கால் அங்குலமும்தான் குறைவு. இடுப்பு ஒடுங்கியிருப்பதால் மடியில் தாழ உட்கார்ந்தது. தூக்கியே இருந்த வலது தோள் இறங்கியது. கம்பியின் நீளம் 25.4 அங்குலத்துக்குப் பதில் 24.9. இழுவிசை குறைவதால் விரல் அழுத்துவதும் எளிது, கட்டங்களும் கொஞ்சம் நெருக்கம்.

இரண்டு மாதமாகக் கொரகொரத்த அதே கார்டு சுத்தமாகக் கேட்டது. அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ தப்பு என் மேல இல்லையா?"

எனக்குத்தான் சுருக்கென்றது.

வாங்கும் முன்...

* வாசிக்கப்போகிறவரையே கடைக்கு அழைத்துப்போங்கள். பத்து நிமிடமாவது மடியில் வைத்திருக்கட்டும்.
* வலது தோள் காதை நோக்கி ஏறினால், பெட்டி பெரிது.
* 12-வது கட்டத்தில் கம்பி ரொம்ப உயரமாக நின்றால் விரல் வலிக்கும். குறைத்துத் தரச் சொல்லுங்கள்.
* குழந்தைகளுக்கு முக்கால், அரை அளவுகள் உண்டு. 'வளர்ந்தா சரியாயிடும்' என்று பெரிதாக வாங்க இது ஸ்கூல் யூனிஃபார்ம் இல்லை. நைலான் கம்பி என்றால் பிஞ்சு விரலுக்கு இன்னும் சுகம்.

பழைய கிட்டாரைப் பாதி விலைக்கு விற்று, சின்னதாக ஒன்று வாங்கினோம். அது இப்போது பீரோ மேல் இல்லை, சோபா மேல் இருக்கிறது. எஃப் கார்டு மட்டும் அம்மாவுக்கு இன்னும் வரவில்லை.

"அது யாருக்குமே சீக்கிரம் வராதாம்டி!" என்கிறார், சந்தோஷமாக.