பிஸ்டலுக்குத் தனியா ‘கிரிப்’ வாங்கலாமா? காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

துப்பாக்கி சுடுதல் வீடியோ ஒன்றை மொபைலில் முழுசா பார்த்தால் போதும். அடுத்த அரை மணி நேரத்தில் விளம்பரங்கள் வரிசைகட்டும். ரப்பர் உறை, சொரசொரப்பான டேப், விரல் பள்ளம் வைத்த கைப்பிடி, கட்டைவிரல் தாங்கி... ‘இதை மாட்டினால் குறி தப்பாது’ என்பதுதான் எல்லாவற்றின் சாரம்.

2024 ஜூலை 28-ம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். அதற்கு முன்பே, 2022-ல் திருச்சியில் நடந்த மாநில துப்பாக்கி சுடுதல் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது, அவரைப் பார்க்க ரைஃபிள் கிளப் வாசலில் கூட்டம் திரண்டதும் நினைவிருக்கும். ‘நாமும் கத்துக்கலாமே’ என்ற ஆசை சிற்றூர்கள் வரை போயிருக்கிறது.

உத்திரமேரூரில் ஒரு கல்லூரி மாணவி என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்குச் சென்னை போய்வரவே பஸ்ஸில் பாதி நாள் ஓடிவிடும். வீட்டில் கொடுக்கும் காசு அளவானது. அதை கைப்பிடிக்குச் செலவழிப்பதா, பயிற்சிக்குச் செலவழிப்பதா? இதோ விளக்கம்.

கைப்பிடி உண்மையிலேயே முக்கியமா?

முக்கியம்தான். ஆனால் விளம்பரம் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

ஒரு சின்ன கணக்கு. போட்டி ஏர் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 35 சென்டிமீட்டர் இடைவெளி. இலக்கு இருப்பது 10 மீட்டர் தூரத்தில். பின் சைட்டை ஒப்பிட முன் சைட் வெறும் 1 மில்லிமீட்டர் விலகினால், இலக்கில் குண்டு 28 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும். 10 புள்ளி வட்டத்தின் விட்டமோ 11.5 மில்லிமீட்டர். அதாவது, 10 வாங்க வேண்டிய இடத்தில் 7 கிடைக்கும்.

தகுதிச் சுற்றில் 60 முறை சுட வேண்டும். 60 முறையும் துப்பாக்கி கையில் ஒரே மாதிரி உட்கார வேண்டும். நல்ல கைப்பிடியின் வேலை இது மட்டும்தான். அது குறி பார்த்துத் தராது. நேற்று பிடித்த மாதிரியே இன்றும் பிடிக்க உதவும், அவ்வளவுதான்.

அப்போ பாரிஸில் எந்தக் கருவியும் இல்லாமல் சுட்டாரே ஒருவர்?

துருக்கியின் யூசுப் டிகெச். ஒரு கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு நின்று கலப்பு அணியில் வெள்ளி வென்றவர். ‘எந்தக் கருவியும் தேவையில்லை’ என்பதற்கு உதாரணமாக அவர் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது.

அவர் விட்டது கண்ணுக்கான சிறப்பு லென்ஸையும், பெரிய காது மூடியையும்தான். கையில் இருந்தது முழுமையான போட்டி பிஸ்டல். அத்தகைய பிஸ்டல்களில் உள்ளங்கை வளைவுக்கு ஏற்பச் செதுக்கிய கைப்பிடி இருக்கும். பல வீரர்கள் அதையும் அப்படியே விட மாட்டார்கள். மரப் புட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தன் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார்கள். மற்றதில் சிக்கனம் பார்த்தாலும் கைப்பிடியில் யாரும் பார்ப்பதில்லை என்பதே அந்தப் படம் சொல்லும் பாடம்.

சந்தையில் கிடைப்பவற்றில் எது தேறும்?

சொரசொரப்பு டேப்: விலை குறைவு. காஞ்சிபுரம் பக்கத்து வெயிலில் கை வியர்க்கும். அப்போது வழுக்காமல் இருக்க உதவும். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம். ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் தோல் உரசிப் புண்ணாகும்.

ரப்பர் உறை: பெரிய கை உள்ளவர்களுக்குச் சரி. சின்னக் கை உள்ளவர்களுக்கு எதிர்வேலை செய்யும். கைப்பிடி தடிமனாகிவிடுவதால் விசைக்கு விரல் எட்டாது. எட்டாத விரலை இழுத்து வைத்தால், விசையை நேராக அழுத்தாமல் பக்கவாட்டில் தள்ளுவோம். இன்னொரு சிக்கல், உறைக்குள் வியர்வை தங்கி எஃகுப் பாகத்தில் துரு ஏறும். அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும்.

விரல் பள்ளம் வைத்த உறை: யாரோ ஒருவரின் விரல் அளவுக்குச் செய்தது. உங்கள் விரல் அந்தப் பள்ளத்தில் உட்காராமல் மேட்டில் உட்கார்ந்தால், வெறும் கைப்பிடியே மேல்.

அளவுக்கேற்ற மரக் கைப்பிடி: போட்டி வீரர்களுக்கானது. சின்னது, நடுத்தரம், பெரியது என அளவுகளில், வலக்கை இடக்கைக்குத் தனித்தனியாக வரும். உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். இறக்குமதி என்றால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். தொடர்ந்து போட்டிக்குப் போகிறவர்களுக்கு இந்தச் செலவு தகும்.

என் கைக்கு சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?

பயிற்சியாளர் முன்னிலையில், குண்டு இல்லாத துப்பாக்கியில், இலக்கு இருக்கும் திசையில் மட்டும் இதைச் செய்து பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல் கையை உயர்த்துங்கள். கண்ணைத் திறக்கும்போது முன் சைட்டும் பின் சைட்டும் ஏறக்குறைய நேராக இருந்தால் கைப்பிடி பொருந்துகிறது. பத்து முறை செய்து, பத்து முறையும் முன் சைட் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கைப்பிடியில் வேலை இருக்கிறது. ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று மாறி மாறிப் போனால் குறை பிடிக்கும் பழக்கத்தில். அதற்குக் கடையில் மருந்து இல்லை, பயிற்சிதான் வழி.

போட்டியில் என்ன வேண்டுமானாலும் மாட்டலாமா?

முடியாது. சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் கொண்ட பெட்டிக்குள் பிஸ்டல் அடங்க வேண்டும். கைப்பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. மணிக்கட்டுக்குத் தாங்கலாகவும் இருக்கக் கூடாது. தடிமனான உறை ஒன்றை மாட்டி, பெட்டிக்குள் நுழையாமல் போனால் போட்டி அன்று காலையில் பதறத்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் வரை சக்தியும் 4.5 மி.மீ. வரை குழல் விட்டமும் கொண்ட ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் சக்தி இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதற்கு டேப் ஒட்டுவதிலோ மரக் கைப்பிடி மாற்றுவதிலோ சட்டச் சிக்கல் எழுவதில்லை.

உரிமம் பெற்ற நிஜத் துப்பாக்கி என்றால் கதையே வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் துணைக்கருவி, துப்பாக்கியாகவே கருதப்படும். குழலை வெட்டிக் குறைப்பதற்கும், பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதற்கும் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். அதனால் ஊர் லேத் பட்டறையில் கொடுத்து ‘கொஞ்சம் தேய்ச்சுக் கொடுங்க’ என்பது பட்டறைக்காரரையும் சேர்த்து மாட்டிவிடும் வேலை. துப்பாக்கியில் உள்ள எண்ணையும் முத்திரையையும் அழிப்பது குற்றம். உறை அவற்றை மறைத்தால் சோதனையின்போது கழற்றிக் காட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். இணையத்தில் விற்கும் உறைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு 9 மி.மீ. பிஸ்டல்களுக்காகச் செய்யப்பட்டவை. இந்தியாவில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம். பொதுமக்களுக்கு உரிமம் கிடைக்காது. இங்கே உரிமதாரர்களிடம் இருப்பவை பெரும்பாலும் .32 ரகம். அந்த உறை இதற்குப் பொருந்தாது. வெட்டி ஒட்டி மாட்டினால் சுடும்போது நழுவும். தற்காப்புத் துப்பாக்கியில் கைப்பிடி நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உரிமம் வேண்டாம் என்றால் எங்கும் சுடலாமா?

கூடாது. உத்திரமேரூர் வட்டாரம் ஏரிகளால் ஆனது. பக்கத்தில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் 18-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். இன்று 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாத ஏர் கன்னால் ஏரிக்கரையில் ஒரு கொக்கைச் சுட்டாலும் வழக்குதான். மொட்டை மாடியிலும் வேண்டாம். 4.5 மி.மீ. ஈயக் குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். சுடுவதற்கான இடம், குண்டு தாண்டாத தடுப்புச் சுவர் உள்ள பயிற்சிக் கூடம் மட்டுமே.

சரி, காசை எதில் போடுவது?

டோக்கியோ ஒலிம்பிக் ஞாபகம் இருக்கிறதா? 2021-ல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டலில் ஒரு நெம்புகோல் உடைந்தது. அதைச் சரிசெய்து வருவதற்குள் பொன்னான நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளுடன் 12-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அன்று கைப்பிடி நன்றாகவே இருந்தது. கைவிட்டது ஒரு சின்ன பாகம்.

எனவே புதிதாகத் தொடங்குபவர் பின்பற்ற வேண்டிய வரிசை இது:

1. முதலில் கிளப்பின் துப்பாக்கியில் பழகுங்கள். சில மாதங்களுக்குச் சொந்தத் துப்பாக்கியே வேண்டாம்.
2. பயிற்சியாளர் கட்டணமும் பஸ் செலவும்தான் முதல் முதலீடு.
3. குண்டு இல்லாமல் விசை அழுத்திப் பழகும் முறையை, துப்பாக்கியைச் சேதப்படுத்தாமல் எப்படிச் செய்வது என்று பயிற்சியாளரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இதற்குச் செலவே இல்லை.
4. கை வியர்த்தால் டேப். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
5. மாவட்ட, மாநிலப் போட்டிக்குப் போகத் தொடங்கியதும், கை அளவு எடுத்து மரக் கைப்பிடி வாங்குங்கள். ‘எல்லாக் கைக்கும் பொருந்தும்’ என்று விற்கும் உறையை விட்டுவிடுங்கள்.

உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவரா? தொழிற்சாலையில் இருந்து வந்த கைப்பிடி கைக்கு ஒத்துவரவில்லை என்றால், உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால், உரிமம் கொடுத்த அலுவலகத்தில் கேட்ட பிறகு எதையும் மாற்றுங்கள். ஐந்நூறு ரூபாய் உறைக்காக உரிமத்தையே பணயம் வைக்க வேண்டாம்.