பழுதுபார்ப்பும் புதுச் சரக்கும்

2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியன்று உலகத்திலுள்ள கோடிக்கணக்கான கணினிகளுக்குக் கெடு முடிந்தது. 2015 ஜூலையில் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தை இனிமேல் தாங்கள் பொதுவாகப் பராமரிப்பதில்லை என்று அவர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்த நாள் அது. அன்று யந்திரம் எதுவும் நின்றுவிடவில்லை. மறுநாட் காலையிலும் கணக்கர் கணக்கெழுதினார். மாணவன் பாடம் படித்தான். ஆனால் அதன் பிறகு வெளிப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் கிடையாது. அடைக்க வேண்டுமானால் அதற்கென்று தனியே ஓர் ஏற்பாட்டில் சேர வேண்டும், அல்லது விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும் என்பதே நிலைமை.

இத்தகைய கெடு வரும்போதெல்லாம் ஒரே பல்லவியைக் கேட்கிறோம். புதிய பதிப்புக்கு மாறாதவர்கள் சோம்பேறிகள், பழமைப் பித்தர்கள், தங்கள் நன்மையைத் தாங்களே அறியாதவர்கள் என்று விற்பனைக்காரர்களும், அவர்களை ஒட்டிப் பேசும் நிபுணர்களும் கூறுகிறார்கள். இந்தக் குற்றச்சாட்டை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தயங்கி நிற்பவர்களில் சோம்பேறிகளும் சிலர் இருக்கக்கூடும். ஆனால் பெரும்பாலோரின் தயக்கத்துக்குத் தக்க காரணம் உண்டு. அதை ஆராயாமல் அவர்களைக் கடிந்துகொள்வதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

சென்ற கால் நூற்றாண்டின் அனுபவத்தையே பார்ப்போம். 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பின் 2007 ஜனவரி 30-ந் தேதி விஸ்டா என்னும் புதுப் பதிப்பு பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. அதை ஓட்டுவதற்குப் பழைய கணினிகளில் சக்தி போதவில்லை. நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த அச்சுப்பொறி, அதனுடன் பேச மறுத்தது. ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் ‘அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்டுக் கேட்டு அது மனிதர்களின் பொறுமையைச் சோதித்தது. பெரிய ஸ்தாபனங்கள் பல அதைத் தாண்டிப்போய்விட்டன. வாடிக்கைக்காரர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் டெல் கம்பெனியார் அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில் வீட்டுக் கணினிகளிலும் மறுபடி எக்ஸ்பியைப் போட்டுக் கொடுக்க இசைந்தார்கள். அப்புறம் 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தது. விஸ்டாவை வேண்டாமென்ற அதே ஜனங்கள் இதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். இரண்டே முக்கால் வருஷத்தில் மனிதர்களின் சுபாவம் மாறிவிட்டதா? இல்லை, சரக்கு மாறியது. 2012-ல் வந்த விண்டோஸ் 8, பதினேழு வருஷப் பழக்கமான ‘ஸ்டார்ட்’ பொத்தானை எடுத்துவிட்டு, மறு வருஷமே 8.1 என்ற பெயரில் அதைத் திரும்ப வைத்தது. இதிலும் பிடிவாதம் பிடித்தவர்கள் ஜனங்களா, கம்பெனியாரா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

விண்டோஸ் 10 முதல் வருஷம் இலவசமாகவே தரப்பட்டது. ஆயினும் அதைத் தந்த விதம் இருக்கிறதே, அதுதான் விசித்திரம். மாறுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டு திரையில் அடிக்கடி ஒரு பெட்டி முளைக்கும். மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்ளும், வேண்டாமென்று பொருள் என்பதே கணினி உபயோகிப்போர் அனைவரும் கற்ற பாடம். 2016-ல் சில காலம் அந்தக் குறியை அழுத்தினாலும் சம்மதம் என்றே வைத்துக்கொண்டார்கள்! காலையில் வந்து பார்த்தால் யந்திரம் வேறு உருவத்தில் நின்றது. தம் அனுமதியின்றி நடந்த மாற்றத்தால் தொழில் கெட்டது என்று கலிபோர்னியாவில் பிரயாண ஏற்பாட்டுத் தொழில் செய்யும் ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்து 10,000 டாலர் நஷ்டஈடு பெற்றார். கம்பெனியார் தாங்கள் செய்த அப்பீலைக் கைவிட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். இப்படிச் சூடுபட்டவர்கள், பின்னால் மெய்யாகவே அவசியமான ஒரு திருத்தம் வரும்போதும் அதைச் சந்தேகத்துடன் நிறுத்தி வைக்கிறார்கள் என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

வர்த்தக ஸ்தாபனங்களின் சங்கடம் இன்னும் பெரிது. இயங்குதளம் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் போன்றது. அதன்மேல் கணக்கு மென்பொருள், சம்பளப் பட்டி, ரசீது அடிக்கும் யந்திரம், ஆஸ்பத்திரியானால் ஸ்கேன் கருவி என்று அடுக்கடுக்காகக் கட்டிடம் எழும்பியிருக்கிறது. அஸ்திவாரத்தை மாற்றினால் மேலே எது விரியும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தூர தேசத்து உதாரணம் எதற்கு? நமது தமிழ் அச்சுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். அடோபி கம்பெனியின் பேஜ்மேக்கர் மென்பொருளில் ஏழாம் பதிப்பே கடைசி. அது வெளிவந்தது 2001-ல். அதற்கு அடுத்த தலைமுறையான இன்டிசைன் கடைக்கு வந்து பல வருஷங்களுக்குப் பிறகும் தமிழ் அச்சுக்கோப்பு நிலையங்கள் பேஜ்மேக்கரை விடவில்லை. காரணம் எளிது. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துக்களைக் குடியேற்றி வைத்திருந்தன. ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தமக்கென ஒரு வரிசை வைத்துக்கொண்டார். ஒருவருடைய ககரம் மற்றொருவரிடம் மகரமாகும். இப்படி வருஷக்கணக்காகக் கோக்கப்பட்ட புஸ்தகங்களை யூனிகோடு முறைக்கு மாற்றவேண்டுமானால், மாற்றிய பிறகு முதலிலிருந்து கடைசிவரை பிழை திருத்தியாக வேண்டும். போதாக்குறைக்கு, புதிய மென்பொருளின் சாதாரண அமைப்பில் யூனிகோடுத் தமிழை இட்டால், முன்னே நிற்கவேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் விழுந்தது. 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழ்நாடு அரசாங்கம் யூனிகோடை ஏற்று உத்தரவிட்டது. அது நல்ல உத்தரவு. ஆனால் பிழை திருத்துகிறவருக்குக் கூலி கொடுக்கவேண்டியவர் அச்சகக்காரர். பழைய கோப்பிலிருந்து மறு பதிப்புக்கு ஓர் இரவில் பக்கம் தயாரித்துக்கொண்டிருந்த மனிதரை, ஆறு மாதம் உழைத்து அதே பக்கத்தைப் புது முறையில் தயாரி என்றால், ‘எனக்கு என்ன லாபம்?’ என்று அவர் கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்வி அநாகரிகமானதன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மாறாதிருப்பதால் வரும் நாசம் கற்பனையல்ல. 2017 மார்ச் 14-ந் தேதி மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விண்டோஸில் ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டார்கள். அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் ஆயுதத்தை அமெரிக்க தேசியப் பாதுகாப்பு ஏஜென்ஸியே செய்து வைத்திருந்து, அது திருட்டுப் போய்ப் பகிரங்கமாயிற்று. மே 12-ந் தேதி ‘வான்னாக்ரை’ என்னும் நச்சு மென்பொருள் அதே வழியாகப் புகுந்து, சில நாட்களுக்குள் 150 தேசங்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட யந்திரங்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பொது ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் மூன்றில் ஒரு பங்கு இடையூறு அடைந்தன; சுமார் 19,000 நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின என்பது மதிப்பீடு. அவர்களுடைய கணினிகள் எல்லாம் எக்ஸ்பி காலத்துப் பழம்பொருள்கள் என்று அப்போது பேசப்பட்டது, உண்மை அதுவன்று. பூட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை அப்போதும் பராமரிப்பிலிருந்த விண்டோஸ் 7 யந்திரங்கள். திருத்தம் இரண்டு மாதங்களாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் போடப்படவில்லை.

அப்படியானால் வந்த திருத்தத்தை வந்த நிமிஷமே போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். 2024 ஜூலை 19-ந் தேதி அதற்கு ஒரு பதில் கிடைத்தது. கணினிகளைக் காவல் காக்கும் க்ரௌட்ஸ்ட்ரைக் கம்பெனியார் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்களை ஒரே நாளில் நீலத் திரையுடன் முடக்கிப் போட்டது. நமது விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் கொடுக்கப்பட்டன. அன்று மாட்டிக்கொண்டவர்கள் அசட்டையாக இருந்தவர்களல்லர். ஜாக்கிரதையாகக் காவல் போட்டு, புதுப்பிப்பைத் தாமதமின்றி வாங்கிக்கொண்டவர்களே! 2017 ஜூனில் உக்ரேனில் பரவிய நாட்பெட்யாவோ ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்புக்குள் ஒளிந்துகொண்டே வந்தது. ஆகவே பெரிய ஸ்தாபனத்தின் கணினிப் பொறுப்பாளர் ஒருவர், புதுப்பிப்பை முதலில் நாலு யந்திரங்களில் போட்டுப் பார்த்து, பிறகு நானூறுக்குப் போகிறார் என்றால் அவரைப் பழமைவாதி என்று ஏசுவது தவறு.

வியாதி எங்கே இருக்கிறது? நமது அபிப்பிராயத்தில், பழுதுபார்ப்பையும் புதுச் சரக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்பதில்தான் இருக்கிறது. ஓட்டையை அடைப்பது வேறு, வாசலை இடித்துப் புது மாதிரியாகக் கட்டுவது வேறு. முன்னதை எவரும் எதிர்ப்பதில்லை. கூரை ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டால், அவர் சமையலறையையும் இடம் மாற்றுவேன், இல்லாவிட்டால் ஒழுகட்டும் என்று சொன்னால் எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? மென்பொருள் உலகத்தில் இதுவே சாதாரண நடைமுறையாகிவிட்டது. இடம் மாற்றுவதற்கு அஞ்சி ஒழுகலைச் சகித்துக்கொள்பவர்களே வான்னாக்ரைக்கு இரையாகிறார்கள்.

பிரித்துக் கொடுக்க முடியாது என்று சொல்லுவது முழு உண்மையன்று. எக்ஸ்பிக்குப் பராமரிப்பு 2014 ஏப்ரல் 8-ந் தேதியே முடிந்துவிட்டது. ஆயினும் வான்னாக்ரை பரவியபோது, மூன்று வருஷம் கழிந்த அந்தப் பிணத்துக்கும் கம்பெனியார் உடனே மருந்து கொடுத்தார்கள். விண்டோஸ் 10 விஷயத்திலும் திருத்தங்கள் தயாராகிக்கொண்டே இருக்குமாறுதான் ஏற்பாடு. கெடு முடிந்தது இலவசத்துக்கு மட்டுமே. ஸ்தாபனங்கள் ஒவ்வொரு யந்திரத்துக்கும் முதல் வருஷம் 61 டாலர் கட்ட வேண்டும். அது வருஷாவருஷம் இரட்டித்து மூன்று வருஷம் நீடிக்கும். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷத்துக்கு 30 டாலர், அல்லது தம் கணினி அமைப்புகளைக் கம்பெனியின் கிடங்கில் ஒப்படைக்கச் சம்மதிக்க வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்கள் கிளர்ச்சி செய்ததும், அந்தப் பிராந்தியத்தாருக்கு மட்டும் இந்த நிபந்தனைகள் தளர்ந்து இலவசமாயின. அதே திருத்தம், அதே யந்திரம். ஐரோப்பியர் கேட்டார்கள், பெற்றார்கள்.

கம்பெனியார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பழைய பதிப்புகளைப் பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும். எக்ஸ்பி போன்ற பழங்கட்டடத்தை ஒட்டுப் போட்டே என்றென்றைக்கும் பந்தோபஸ்து செய்துவிட முடியாது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு உபயோகமற்றதும் அல்ல. ஆனால் அந்த விதியையும் செயலி பற்றிய விதியையும் சேர்த்துப் பார்த்தால், 2017-ல் வாங்கிய நல்ல கணினிகளில் பலவற்றுக்கு விண்டோஸ் 11-ல் இடமில்லை. அக்கணினியை விற்றபோது, இதன் ஆயுள் இத்தனை வருஷம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தக் கெடுவால் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் ஆராய்ச்சி நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. பழைய கணினியையே புதுக் கணினியாக வாங்கும் நம் ஊர்ப் பள்ளிகளையும் சிறு கடைகளையும் பற்றி அந்தக் கெடுவை விதித்தவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

இன்னொரு பயமும் ஸ்தாபனங்களைப் பின்னுக்கு இழுக்கிறது. புதிய பதிப்புகள் சொந்தப் பொருளாக வராமல் வாடகைப் பொருளாகவும், நம் யந்திரத்தில் இல்லாமல் கம்பெனியின் கிடங்கிலும் வருவது அதிகமாகிவிட்டது. ஐரோப்பிய யூனியன் விதித்த தடையைத் தொடர்ந்து, 2025 ஜூலையில் குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி கம்பெனியின் மின்னஞ்சல் முதலிய வசதிகள் திடீரென நிறுத்தப்பட்டன. பணம் முழுதும் செலுத்தியிருக்கிறோம் என்று அவர்கள் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள்; சில தினங்களில் வசதிகள் திரும்பின. இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் ஓர் ஆலையின் தபாலை, இந்தியா கலந்துகொள்ளாத ஒரு தீர்மானத்தால் நிறுத்த முடிந்தது. இதைக் கண்ட பிறகும் பழைய, சொந்தமான பதிப்பை விட மனமில்லாதவர்களைப் பார்த்து எவ்வாறு நகைப்பது?

ஐரோப்பிய யூனியன் 2024-ல் நிறைவேற்றிய சைபர் ரெஸிலியன்ஸ் சட்டம் இவ்விஷயத்தில் நேரான பாதையைக் காட்டியிருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களைப் புது வசதிகளிலிருந்து பிரித்து, இலவசமாகத் தரவேண்டும். எவ்வளவு காலம் பராமரிப்போம் என்பதை வாங்குகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலாகும். பிரித்துத் தருவது ‘தொழில்நுட்பரீதியாக இயன்ற இடங்களில்’ என்று ஒரு வாசகம் அதில் இருக்கிறது. அந்த வாசகத்தின் வழியாக ஒரு யானையே நுழைந்துபோகலாம் என்றாலும், கொள்கை சரியானதே.

நமது தேசத்தில் ஆக்கினை பெரும்பாலும் வாங்குகிறவர்மேலேயே விழுகிறது. எக்ஸ்பியின் பராமரிப்பு நின்று நாலு வருஷத்துக்குப் பிறகும் பணம் கொடுக்கும் ஏடிஎம் யந்திரங்கள் அதிலேயே ஓடுவதைக் கண்ட ரிசர்வ் பாங்கு, 2019 ஜூனுக்குள் யாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று 2018 ஜூனில் பாங்குகளுக்கு உத்தரவிட்டது. அவசியமான உத்தரவுதான். பாங்குகளுக்குக் கெடு விதிக்க முடிந்தால், யந்திரத்தையும் மென்பொருளையும் விற்கிறவர்களுக்கும் நிபந்தனை விதிக்க முடியும். அதற்குப் பார்லிமெண்டில் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய, மாகாண அரசாங்கங்கள் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கச்சேரிகளுக்கும் லட்சக்கணக்கில் கணினிகள் வாங்குகின்றன. அடுத்த டெண்டரிலேயே, இந்த யந்திரத்துக்கு இத்தனை வருஷம் பாதுகாப்புத் திருத்தம் இலவசம், அது புது வசதிகளோடு கட்டப்படாமல் தனியே வரவேண்டும், கெடுவுக்கு முன் நிறுத்தினால் நஷ்டஈடு என்று மூன்று வரிகளைச் சேர்க்கட்டும். அந்த வரிகளில் கையெழுத்திட மறுக்கும் கம்பெனி எது என்பதையும் பிரசுரிக்கட்டும்.